வெளிநாட்டில் வாடகைக் காரும் பொறுப்புக் காப்பீடும்

வெளிநாடு செல்லும் ஒருவர் அங்கு காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும்போது, அந்தக் காரால் பிறருடைய உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ இழப்பு நேர்ந்தால் அதை ஈடுசெய்யும் காப்பீடு பொறுப்புக் காப்பீடு எனப்படும். இந்தியாவில் இது மூன்றாம் தரப்புக் காப்பீடு என்றும், பேச்சு வழக்கில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்றும் அறியப்படுகிறது. காப்பீடு செய்துகொண்டவர் முதல் தரப்பு; காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு; விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாள் மூன்றாம் தரப்பு. இந்த மூன்றாம் தரப்பினருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை ஓட்டியவர் சார்பில் காப்பீட்டு நிறுவனம் செலுத்துகிறது.

பெரும்பாலான நாடுகளில் வாகனத்துக்கு இத்தகைய காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஆனால் அது எவ்வளவு தொகை வரை ஈடுசெய்யும் என்பது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடுகிறது. ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலமும் மாறுகிறது. எனவே, வாடகைக் காரை எடுக்கும்போது "இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்ற பதிலைப் பெற்றுக்கொள்வது மட்டும் போதாது. எந்த இழப்புக்கு, எவ்வளவு தொகை வரை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வகை இழப்புகள்

விபத்தால் வரும் செலவை மூன்றாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு.

முதலாவது, வாடகைக் காருக்கே ஏற்படும் சேதமும் திருட்டும். இதற்காக வாடகை நிறுவனங்கள் தருவது கொலிஷன் டேமேஜ் வேவர் எனப்படும் சேதப் பொறுப்பு விலக்கு. ஒப்பந்தங்களில் இது சி.டி.டபிள்யூ. என்றோ எல்.டி.டபிள்யூ. என்றோ சுருக்கமாகக் குறிப்பிடப்படும். ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட பல இடங்களில் இது சட்டப் பொருளில் காப்பீடே அன்று. "கார் சேதமானால் உங்களிடம் பணம் கேட்க மாட்டோம்" என்று நிறுவனம் தரும் உறுதிமொழி மட்டுமே. பல நாடுகளில் இதனுடன் எக்ஸஸ் எனப்படும் ஒரு தொகை இருக்கும். சேதத்தில் அந்தத் தொகை வரையிலான பகுதியை வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுநருக்கும் உடன் பயணிப்பவர்களுக்கும் ஏற்படும் காயம். தனிநபர் விபத்துக் காப்பீடும், பயணக் காப்பீட்டில் உள்ள மருத்துவப் பகுதியும் இதற்கானவை.

மூன்றாவது, பிறருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம். பொறுப்புக் காப்பீடு இதற்கு மட்டுமே உரியது. முழுத் தொகைக்கும் சேதப் பொறுப்பு விலக்கை வாங்கியிருந்தாலும், எதிரே வந்த காரில் இருந்தவரின் மருத்துவச் செலவில் ஒரு காசுகூட அதிலிருந்து கிடைக்காது.

வாடகை நிறுவனத்தின் மேசையில் நிற்கும் பயணி பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே கவலைப்படுகிறார். காரில் கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதே அவர் கேள்வி. ஆனால் கார் முழுவதும் நொறுங்கினாலும் அந்த இழப்பு பெரும்பாலும் காரின் விலையோடு நின்றுவிடும். ஒரு மனிதர் நடக்க முடியாமல் போனால் அவருடைய மருத்துவச் செலவுக்கும் வாழ்நாள் வருமான இழப்புக்கும் அப்படி ஓர் எல்லை இல்லை. பெரிய கடன் சுமை மூன்றாவது வகையிலிருந்தே வருகிறது.

இந்தியாவில் உள்ள நிலை

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. மரணத்துக்கும் காயத்துக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே மேல்வரம்பின்றி ஏற்பது வழக்கம். சொத்துச் சேதத்துக்குத் தனியார் கார்களில் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு. இந்த ஏற்பாட்டுக்குப் பழகியவர்கள், காப்பீடு இருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு உரிய முழுத் தொகையும் அதிலிருந்து கிடைத்துவிடும் என்று இயல்பாகவே எண்ணுவார்கள். எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவில் வாகனக் காப்பீட்டை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரையறுக்கிறது. கட்டாயப் பொறுப்புக் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் மூன்று எண்களாக எழுதப்படும். கலிபோர்னியாவில் 2025 சனவரி 1 முதல் அது 30/60/15. காயமடைந்த ஒருவருக்கு அதிக அளவாக 30,000 டாலர், ஒரு விபத்தில் காயமடைந்த எல்லோருக்கும் சேர்த்து 60,000 டாலர், சொத்துச் சேதத்துக்கு 15,000 டாலர் என்பது இதன் பொருள். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அங்கு 15/30/5 என்ற அளவே இருந்தது. டெக்சாசில் இது 30/60/25. நியூயார்க்கில் 25/50/10; மரணம் நேர்ந்தால் முதல் இரு எண்களும் இரட்டிப்பாகும். நியூ ஹாம்ப்சயரில் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் காப்பீடு கட்டாயமே இல்லை.

இந்த அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். கலிபோர்னியாவில் ஒருவர் வாடகைக் காரை ஓட்டுகிறார்; அவரிடம் 30/60/15 என்ற குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே உள்ளது என்று கொள்வோம். அவரது தவறால் நேர்ந்த விபத்தில் இருவர் காயமடைகின்றனர். ஒருவருக்கு 90,000 டாலர், மற்றவருக்கு 20,000 டாலர், அவர்களது காருக்கு 25,000 டாலர் என இழப்பீடு முடிவாகிறது. மொத்தம் 135,000 டாலர். காப்பீட்டிலிருந்து முதலாமவருக்கு 30,000, இரண்டாமவருக்கு 20,000, காருக்கு 15,000 என 65,000 டாலர் கிடைக்கும். மீதி 70,000 டாலரை ஓட்டியவர் தம் கையிலிருந்து தர வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளில் எலும்பு முறிவுக்கு அறுவை செய்து சில நாள் தங்கினாலே பல்லாயிரம் டாலர் ஆகும் என்பதால், இக்கணக்கில் உள்ள தொகைகள் மிகையானவை அல்ல.

வாடகை நிறுவனம் பெரிய நிறுவனம்தானே, மீதியை அது தராதா என்ற கேள்வி எழலாம். முன்பு சில மாநிலங்களில், வாகனத்தின் உரிமையாளர் என்ற முறையில் வாடகை நிறுவனமும் இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டு ஆகத்தில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டப் பிரிவு ஒன்று இதை மாற்றியது. மிசூரி மாநிலப் பிரதிநிதி சாம் கிரேவ்சின் பெயரால் அது கிரேவ்சு திருத்தம் எனப்படுகிறது. வாடகை நிறுவனம் தானே கவனக்குறைவாகவோ குற்றமாகவோ நடந்துகொண்டிருந்தால் ஒழிய, உரிமையாளர் என்ற காரணத்துக்காக மட்டும் அதைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் சாரம். மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேற்பட்ட சுமை ஓட்டியவர்மீதே விழுகிறது. சில மாநிலங்களில் வாடகை ஒப்பந்தங்கள் அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட, வாடகைக்கு எடுத்தவரின் சொந்தக் காப்பீடு தீர்ந்த பின்னரே தருவதாகக் கூறுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்புவது சப்ளிமென்டல் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எனப்படும் கூடுதல் பொறுப்புக் காப்பீடு. எஸ்.எல்.ஐ., எல்.ஐ.எஸ். என்ற சுருக்கப் பெயர்களால் இது குறிப்பிடப்படும். நாள் கணக்கில் கட்டணம் செலுத்தி இதைப் பெறலாம். குறைந்தபட்ச அளவுக்கு மேல், பெரும்பாலும் 300,000 டாலர் அல்லது 10 இலட்சம் டாலர் வரை இது ஈடுசெய்யும். சொந்தமாக அமெரிக்க வாகனக் காப்பீடு இல்லாத வெளிநாட்டுப் பயணிக்கு, மேசையில் விற்கப்படும் எல்லாக் கூடுதல் திட்டங்களிலும் இதுவே முதன்மையானது.

பல முன்பதிவுத் தளங்கள் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கென்றே சேதப் பொறுப்பு விலக்கையும் கூடுதல் பொறுப்புக் காப்பீட்டையும் சேர்த்த கட்டணத்தை வழங்குகின்றன. ஒரே காருக்கு வசிக்கும் நாட்டைப் பொறுத்துக் கட்டணமும் அதில் அடங்கியவையும் மாறும். அதனால் பதிவு செய்யும்போது வசிக்கும் நாட்டைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். குறைந்த கட்டணத்துக்காக வேறு நாட்டைக் காட்டினால், விபத்தின்போது காப்பீடு மறுக்கப்பட அது காரணமாகலாம்.

ஐரோப்பாவும் பிரித்தானியாவும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நிலைமை வேறு. ஒன்றியத்தின் மோட்டார் காப்பீட்டு நெறிமுறை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரு குறைந்தபட்சத்தை விதிக்கிறது. அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காயங்களுக்கு ஒரு விபத்துக்கு 64.5 இலட்சம் யூரோ அல்லது பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 13 இலட்சம் யூரோ. சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 13 இலட்சம் யூரோ. உறுப்பு நாடுகள் இதைவிடக் கூடுதலாக விதிக்கலாம். செருமனியில் காயங்களுக்கான குறைந்தபட்சம் 75 இலட்சம் யூரோ. பிரான்சில் காயங்களுக்கு மேல்வரம்பே இல்லை.

ஐக்கிய இராச்சியத்தில் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இப்போது நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மரணத்துக்கும் காயத்துக்கும் வரம்பில்லாத காப்பீடு இருக்க வேண்டும். சொத்துச் சேதத்துக்குக் குறைந்தது 12 இலட்சம் பவுண்டு வரை இருக்க வேண்டும்.

இந்நாடுகளில் முறையாக வாடகைக்கு விடப்படும் காரின் கட்டணத்தில் இந்தக் காப்பீடு அடங்கியே இருக்கும். எனவே அங்கு மேசையில் விற்கப்படும் கூடுதல் திட்டங்கள் பெரும்பாலும் காரின் சேதத்தையும் எக்ஸஸ் தொகையையும் பற்றியவை. லண்டனில் கார் எடுத்துப் பழகிய ஒருவர் லாஸ் ஏஞ்சலிசில் அதே எண்ணத்துடன் "எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்திட்டால், அவர் கைவிடுவது முற்றிலும் வேறொரு பாதுகாப்பை.

ஜப்பானும் நியூசிலாந்தும்

ஜப்பானில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா வாகனங்களுக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு. ஜிபாய்செகி எனப்படும் இது மரணத்துக்கு 3 கோடி யென், காயத்துக்கு 12 இலட்சம் யென் வரை மட்டுமே தரும். சொத்துச் சேதத்துக்கு எதுவும் தராது. ஆனால் அங்குள்ள பெரிய வாடகை நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்திலேயே தாமாக எடுத்த கூடுதல் காப்பீட்டையும் சேர்த்துத் தருகின்றன. அதில் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கு வரம்பில்லாமல் இருப்பது வழக்கம். விபத்தைக் காவல்துறைக்குத் தெரிவித்துப் பதிவு செய்யாவிட்டால் இந்தக் காப்பீடு செல்லாது என்பது அவற்றின் முக்கிய நிபந்தனை.

நியூசிலாந்து இன்னொரு வழியைப் பின்பற்றுகிறது. அங்கு 1974 முதல், விபத்தில் காயமடைந்தவருக்கு யாருடைய தவறு என்று பாராமல் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டமே சிகிச்சைக்கு உதவுகிறது. வெளிநாட்டுப் பயணிகளும் இதில் அடங்குவர். இதற்கு மாற்றாக, காயத்துக்கு இழப்பீடு கேட்டு ஓட்டுநர்மீது வழக்குத் தொடரும் உரிமை பெரும்பாலும் இல்லை. அதனால் மூன்றாம் தரப்புக் காப்பீடு அங்கு கட்டாயமில்லை. எனினும் பிறருடைய காரையோ சுவரையோ இடித்தால் அந்தச் செலவை இடித்தவரே ஏற்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அதற்கான காப்பீடு உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

எல்லை தாண்டும்போது

பொறுப்புக் காப்பீடு ஒரு நிலப்பரப்புக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்க மாநிலங்களிலோ கனடாவிலோ எடுத்த காப்பீடு பொதுவாக அவ்விரு நாடுகளிலும் செல்லும். ஆனால் மெக்சிகோவில் அமெரிக்கப் பொறுப்புக் காப்பீட்டைச் சட்டம் ஏற்பதில்லை. அங்கு மெக்சிகோ நிறுவனத்தின் காப்பீட்டைத் தனியே வாங்க வேண்டும். காயம் ஏற்பட்ட விபத்தில், இழப்பீட்டுக்கு உத்தரவாதம் காட்டும் வரை ஓட்டுநர் தடுத்து வைக்கப்படவும் கூடும்.

ஐரோப்பாவில் பச்சை அட்டை என்ற முறை 1949ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பரிந்துரையிலிருந்து உருவானது. ஒரு நாட்டுக் காப்பீடு மற்றொரு நாட்டிலும் செல்லும் என்பதற்கு அது சான்று. ஆனால் காப்பீடு செல்லும் நாடு என்பதாலேயே வாடகைக் காரை அங்கே கொண்டுபோகலாம் என்று பொருளில்லை. ஒப்பந்தம் தடைசெய்த நாட்டுக்குக் காரைக் கொண்டுசென்றால் அது ஒப்பந்த மீறல் ஆகும்.

ஏற்கெனவே உள்ள காப்பீடுகள்

இந்தியாவில் சொந்தக் காருக்கு எடுத்த காப்பீடு வெளிநாட்டு வாடகைக் காருக்குப் பயன்படாது. கூடுதல் கட்டணம் செலுத்தி நேபாளம், பூட்டான், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்கு அதை நீட்டிக்கலாம். ஆனால் அதுவும் அந்தக் குறிப்பிட்ட காருக்கு மட்டுமே.

பயணக் காப்பீட்டில் "தனிநபர் பொறுப்பு" என்று ஒரு பகுதி இருப்பதைக் கண்டு பலர் நிம்மதி அடைகின்றனர். அதன் விலக்குகளைப் படித்தால், மோட்டார் வாகனம் ஓட்டுவதால் வரும் பொறுப்பு அதில் சேராது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். விடுதி அறையில் ஒரு பொருளை உடைப்பது போன்றவற்றுக்கே அந்தப் பகுதி.

கடன் அட்டையுடன் வரும் வாடகைக் கார்ச் சலுகையும் இவ்வாறே. அது பொதுவாக வாடகைக் காரின் சேதத்தையும் திருட்டையும் மட்டுமே ஈடுசெய்கிறது; பிறருக்கான இழப்பீட்டைத் தருவதில்லை.

அமெரிக்காவில் படிக்கும் மாணவர்கள் பலர் சொந்தமாகக் கார் வைத்திருப்பதில்லை. விடுமுறை நாள்களில் வாடகைக்கு எடுக்கின்றனர். அடிக்கடி அவ்வாறு ஓட்டுபவர்களுக்கு, கார் இல்லாதவர்களுக்கான பொறுப்புக் காப்பீடு என்ற தனித் திட்டம் உள்ளது. நான்-ஓனர் பாலிசி என்பது அதன் வழக்குப் பெயர். ஒவ்வொரு முறையும் நாள் கட்டணம் செலுத்துவதைவிட இது சிக்கனமாக இருக்கலாம். ஆனால் அது வாடகைக் காரின் சேதத்தை ஈடுசெய்யாது.

காப்பீடு செல்லாமற்போகும் சூழல்கள்

பணம் செலுத்தி வாங்கிய கூடுதல் காப்பீடும் சில சூழல்களில் பயனற்றுப் போகும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் காணப்படுபவை இவை:

• ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டியது. நண்பர்கள் மாறி மாறி ஓட்டும் நெடும்பயணங்களில் இதுவே மிகவும் பொதுவான தவறு.
• மது அல்லது போதைப்பொருள் அருந்தி ஓட்டியது.
• செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டியது.
• அனுமதிக்கப்படாத நாட்டிலோ, சாலை அல்லாத நிலத்திலோ ஓட்டியது.
• பந்தயத்துக்கோ, கூலிக்கு ஆள் ஏற்றவோ பயன்படுத்தியது.
• விபத்தைக் குறித்த காலத்துக்குள் தெரிவிக்காதது.

உரிமத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் அடிப்படையிலானது, ஓராண்டு செல்லும். ஊரில் பெற்ற அசல் உரிமத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும். ஜப்பான் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படியான அனுமதியையே ஏற்கிறது.

கூடுதல் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் ஓட்டுநரின் சொந்தக் காயத்தையும், உடன் பயணிக்கும் அவரது குடும்பத்தினரின் காயத்தையும் ஈடுசெய்யாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அதற்குப் பயணக் காப்பீட்டின் மருத்துவப் பகுதியே துணை.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

• இந்தக் கட்டணத்தில் பிறருக்கான பொறுப்புக் காப்பீடு அடங்கியுள்ளதா?
• அடங்கியிருந்தால், ஒருவருக்கு எவ்வளவு, ஒரு விபத்துக்கு எவ்வளவு, சொத்துக்கு எவ்வளவு?
• அது முதலில் தருமா, வேறு காப்பீடு தீர்ந்த பின்னரே தருமா?
• ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் ஓட்டுநராக உள்ளது?
• எந்தெந்த நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் காரைக் கொண்டுசெல்லலாம்?

விடைகள் வாய்மொழியாக இருந்தால் போதாது. ஒப்பந்தத்தில் எந்த வரியில் உள்ளது என்று காட்டச் சொல்லலாம். முன்பதிவின்போதே காப்பீடு சேர்த்து வாங்கியவர்கள் அந்தச் சான்றின் படியைக் கையில் வைத்திருந்தால், மேசையில் அதையே இரண்டாம் முறை வாங்கும் தேவை இராது.

விபத்து நேர்ந்தால்

முதலில் காயமடைந்தவருக்கு உதவியும், காவல்துறைக்குத் தகவலும். சேதம் சிறிதாயினும் காவல்துறையின் பதிவு பல நாடுகளில் அவசியம். ஐக்கிய அரபு அமீரகத்தில் காவல்துறை அறிக்கை இல்லாமல் பட்டறைகள் வண்டியைப் பழுது பார்க்கவே முடியாது. அடுத்து வாடகை நிறுவனத்துக்கும், காப்பீடு தனியாக வாங்கியிருந்தால் அந்நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வண்டிகளின் நிலை, எண் பலகைகள், சாலைக் குறிகள் ஆகியவற்றைப் படமெடுத்து, எதிர்த் தரப்பினரின் பெயர், காப்பீட்டு விவரம், சாட்சிகளின் தொடர்பு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் பொதுவான விபத்துப் படிவம் ஒன்று உண்டு. புரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்திடும் முன் அதன் பொருளைக் கேட்டறிய வேண்டும். தவறு தம்முடையது என்று அங்கேயே எழுதிக் கொடுப்பதையும், பணம் கொடுத்து முடித்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும். பின்னாளில் ஊருக்கு வந்து சேரும் வழக்கறிஞர் கடிதத்துக்குப் பதிலளிக்காமல் விடுவதும் தவறு. காப்பீடு இருந்தால் அந்த வழக்கை எதிர்கொள்வதும் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்தின் கடமை. அதற்கு அந்தக் கடிதத்தை உரிய காலத்தில் அந்நிறுவனத்துக்கு அனுப்பினால்தான் முடியும்.